சேமித்த மின்சாரத்தை அளக்கும் மரக்கால் யார் கையில்?

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து காலை வண்டியில் கீரைக்கட்டும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வரும் விவசாயிகளுக்குப் பேசின் பிரிட்ஜ் பழகிய இடம். சென்ட்ரலுக்குள் இடம் கிடைக்கும்வரை வண்டி அங்கே தயங்கி நிற்பது உண்டு. சென்னை நகரத்துக்கு ஆரம்ப காலத்தில் மின்சாரம் கொடுத்த நிலக்கரி மின் நிலையம் இந்த இடத்தில்தான் இருந்தது. தனியார் கம்பெனியிடம் இருந்த நகர மின் விநியோகத்தை 1947ல் அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் 1996ல் நாப்தாவில் ஓடும் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையத்தை மின்சார வாரியம் இங்கே அமைத்தது. 1999ல் ஜி.எம்.ஆர். வாசவி என்ற தனியார் கம்பெனியின் 200 மெகாவாட் டீசல் மின் நிலையமும் இங்கேயே ஓடத் தொடங்கியது.

டீசல் நிலையத்துக்கும் நாற்றுக்கும் நடவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் அந்த நிலையத்தோடு வாரியம் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தனியார் மின் நிலையங்களுக்கான விலை முறையை மத்திய அரசு 1992ல் வகுத்தது. அதன்படி விலை இரண்டு பகுதியாகக் கணக்கிடப்பட்டது. ஒன்று, எரித்த எண்ணெய்க்கான பணம். மற்றொன்று நிலைக்கட்டணம். நிலையம் 68.5 சதவிகித அளவுக்குத் தயாராக இருந்தால் போதும், நிலைக்கட்டணம் முழுவதும் சேரும். முதலீட்டுக்கு 16 சதவிகித லாபமும் அதற்குள் அடக்கம். வாரியம் மின்சாரம் எடுக்காத நாளுக்கும் இந்தக் கட்டணம் உண்டு. கிராமத்துக் கணக்கில் சொன்னால் இது குத்தகை. நிலம் தரிசாகக் கிடந்தாலும் குத்தகை நெல்லை அளந்தே ஆகவேண்டும்.

ஒப்பந்தம் 15 ஆண்டு நடந்து, பிறகு ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. 2015க்குப் பின் அந்த நிலையம் ஓய்ந்துவிட்டது. மின்வெட்டுக் காலத்தில் அது நகரத்துக்குக் கைகொடுத்ததை மறுக்க முடியாது. நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தன் தேவைக்குப் பயன்படுத்தியது அதன் நல்ல அம்சம். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் மற்ற ஆலைகளும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

மின்சாரத்தைத் தயார் செய்ய இப்படி உறுதியான ஒப்பந்தமும் உறுதியான பணமும் கிடைத்தன. மின்சாரத்தைச் சேமிக்க அப்படி ஒன்றும் நெடுநாள் இல்லை. பம்பு செட்டில் ஒரு யூனிட் மிச்சமானால், கம்பியில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். இருந்தும் மிச்சப்படுத்துகிறவனுக்குப் பணம் கொடுக்க வழி இல்லை. இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் செயல்திறன் ஒப்பந்தம் எனப்படும் முறை.

வாரத்துக்கு விடுவது போன்ற முறை

செயல்திறன் ஒப்பந்தத்தை விவசாயிக்கு விளக்குவது கடினமில்லை. அது வாரம். ஒரு கம்பெனி தன் பணத்தைப் போட்டுப் பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் புதிய மோட்டார் வைக்கிறது. முன்பு எவ்வளவு மின்சாரம் செலவானது, இப்போது எவ்வளவு செலவாகிறது என்று அளக்கிறார்கள். மிச்சமான மின்சாரத்தின் மதிப்பில் ஒரு பங்கு, பேசிய ஆண்டுகள் வரை கம்பெனிக்குப் போகிறது. மிச்சம் இல்லையென்றால் பங்கும் இல்லை. விளைந்தால் வாரம், விளையாவிட்டால் இல்லை என்பதே இதன் அடிப்படை.

அமெரிக்க அரசு தன் கட்டிடங்களில் மின்சாரம் சேமிக்க இம்முறையை விரிவாகக் கையாண்டது. 25 ஆண்டு வரை ஒப்பந்தம் போட அங்கே சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் எரிசக்திச் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பு 2002ல் ஏற்பட்டது. அது விவசாய பம்பு செட்டுகளுக்காக மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் மங்கள்வேடாவில் முதல் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 2,209 பம்பு செட்டுகள் அதில் சேர்க்கப்பட்டன. கர்நாடகத்தில் தொட்டபள்ளாப்பூரிலும் இத்தகைய திட்டம் நடந்தது. 2016 ஏப்ரலில் விஜயவாடாவில் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். மூலம் தேசிய அளவிலான திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. விவசாயி காசு கொடுக்க வேண்டியதில்லை. செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வசதி உள்ள பெட்டியும் உடன் வந்தது.

அரசு வேலைகளில் இம்முறை நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. சாதாரண மானியத் திட்டத்தில் பொருளை மாட்டியதும் பணம் பட்டுவாடா ஆகிவிடுகிறது. இத்தனை எக்டருக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டாயிற்று என்று கணக்கு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு 100 சதவிகித மானியம் உண்டு. நாட்டில் மிகத் தாராளமான மானியங்களில் இதுவும் ஒன்று. இதனால் பயன் அடைந்தவர்கள் ஏராளம். ஆனால் துளை அடைத்துக்கொண்டதால் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்ட குழாயையும் ஊருக்கு ஊர் பார்க்கலாம். அந்தக் குழாயும் சேமிப்புக் கணக்கில்தான் நிற்கிறது. செயல்திறன் ஒப்பந்தத்தில் கம்பெனி அப்படி மாட்டிவிட்டுப் போய்விட முடியாது. மோட்டார் ஓடினால்தான் அதற்குப் பங்கு. ஆகவே காயில் கருகினால் ஓடி வரும், பழுது பார்க்கும். விவசாயிக்கு இது பெரிய சௌகரியம். நவரைப் பட்டத்தில் கதிர் பால் பிடிக்கும் சமயம் மோட்டார் காயில் போய், கட்டுகிற கடையில் நான்கு நாள் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

களத்து மேட்டில் நிற்பது யார்?

வாரத்துக்கு விட்டவர்களும் வாரம் பயிரிட்டவர்களும் அறிந்த ஒன்று உண்டு. சண்டை பேச்சில் வராது. களத்து மேட்டில் வரும். அம்பாரத்தை அளக்கும் மரக்கால் யார் கையில் இருக்கிறது, பதரைத் தூற்றினார்களா, அளக்கும்போது இரண்டு தரப்பும் நின்றார்களா என்பதுதான் வழக்கு. பம்பு செட் ஒப்பந்தத்திலும் அதே வழக்குதான். இங்கே அளக்க வேண்டிய பொருள் கண்ணுக்குத் தெரியாதது. செலவாகாத மின்சாரத்தைக் குவித்துவைத்து அளக்க முடியாது. செலவாகியிருக்கக் கூடியதை யூகித்து, செலவானதைக் கழித்து வருவதுதான் சேமிப்பு. ஆக யூகம் தவறினால் எல்லாம் தவறும்.

தமிழ்நாட்டில் இந்த யூகம் இன்னும் கடினம். இங்கே 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. குதிரைசக்தியை வைத்து மொத்தமாகக் கணக்குப் போடுகிறார்கள். மீட்டர் மாட்டினால்தான் சேமிப்பை அளக்க முடியும் என்று அதிகாரி சொல்கிறார். இன்று மீட்டர் வந்தால் நாளை பில் வரும் என்று விவசாயி அஞ்சுகிறார். 1970லும் 1972லும் மின் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்த மாநிலம் இது. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

மீட்டர் இல்லாத இடத்தில் ஒப்பந்தக்காரர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. ஒரு நாள் பழைய பம்பு செட்டைச் சோதித்துப் பார்ப்பார்கள். மாற்றிய பிறகு ஒரு நாள் புதியதைச் சோதிப்பார்கள். வித்தியாசத்தை ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று பெருக்கிச் சேமிப்பு என்று எழுதிக்கொள்வார்கள். அதன்பின் மோட்டார் ஓடினாலும் நின்றாலும் காகிதத்தில் சேமிப்பு வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவிலும் இது நடந்தது. இயந்திரங்களைப் பயன்படுத்தும் முறை மாறி, சேமிப்பு குறைந்த பிறகும் பழைய கணக்கே ஆண்டறிக்கையில் ஏறியதை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2015ல் எடுத்துக்காட்டியது. இப்படி எழுதினால் வாரம் மறுபடியும் குத்தகையாக மாறிவிடும். பேசின் பிரிட்ஜ் நிலையத்தின் நிலைக்கட்டணத்துக்கும் இதற்கும் அப்போது அதிக வேறுபாடு இல்லை.

தண்ணீர் மட்டம் இறங்கினால் லாபம் யாருக்கு?

சரியாக அளந்தாலும் வரக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. விவசாயிகளைப் பொறுத்தவரை முக்கியமானது அதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கிணற்றில் தண்ணீரை 20 மீட்டர், அதாவது ஏறத்தாழ 66 அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 6 லிட்டர் தண்ணீர். ஒரு நாளைக்கு 6 மணி நேரம். பழைய பம்பு செட்டின் செயல்திறன் 30 சதவிகிதம். இரண்டு மூன்று தடவை காயில் கட்டிய மோட்டாரும், தேய்ந்த ஃபுட் வால்வும், அளவு பொருந்தாத குழாயும் சேர்ந்தால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அது நாளுக்கு 23.5 யூனிட் எடுக்கும். 50 சதவிகிதச் செயல்திறன் உள்ள புதிய பம்பு செட் அதே தண்ணீருக்கு 14.1 யூனிட் எடுக்கும். சேமிப்பு 9.4 யூனிட்.

இரண்டு ஆண்டு மழை பொய்த்துத் தண்ணீர் மட்டம் இறங்கி, 30 மீட்டர் ஏற்ற வேண்டியதாகிறது. அதே அளவு தண்ணீரை எடுக்கப் பழைய பம்பு செட்டாக இருந்தால் 35.3 யூனிட் ஆகியிருக்கும். புதியதற்கு 21.2 யூனிட் ஆகிறது. ஒப்பந்தக் கணக்கில் சேமிப்பு இப்போது 14.1 யூனிட். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று பேசியிருந்தால், நாளைக்கு ரூ.28 ஆக இருந்த சேமிப்பின் மதிப்பு ரூ.42 ஆகிவிட்டது.

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிணறு வற்றுகிறது, மின்சாரச் செலவு 14.1லிருந்து 21.2 ஆகக் கூடியிருக்கிறது; சேமிப்புத் திட்டத்தின் அறிக்கையில் மட்டும் சேமிப்பு ஒன்றரை மடங்காகியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய சூத்திரம் அப்படி. சரி, நீர்மட்டம் இறங்கியதைக் கணக்கில் எடுக்காமல் பழைய 23.5 யூனிட்டோடு ஒப்பிடலாமே என்றால், சேமிப்பு வெறும் 2.3 யூனிட்டாகச் சுருங்கிவிடும். மழை பெய்யாததற்குக் கம்பெனி தண்டம் கட்ட வேண்டியதாகும். கட்டுப்படியாகாத கம்பெனி காயில் கருகியபோது வராது. ஆக எப்படி எழுதினாலும் இடி விவசாயியின் தலையில்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரைச் சீக்கிரம் நிறுத்த விவசாயிக்குக் காரணம் எதுவும் இல்லை. புதிய பம்பு செட் அதே குதிரைசக்தியில் அதிகத் தண்ணீர் தள்ளினால், ஆறு மணி நேரத்தில் முன்பைவிட அதிகத் தண்ணீர் வெளியே வரும். பக்கத்துக் கிணற்றுக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் ஆழப்படுத்துவார். இரண்டு கிணறும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கும்.

மீஞ்சூர் தரும் பாடம்

பேசின் பிரிட்ஜிலிருந்து அதே ரயில் பாதையில் வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு தாண்டி மீஞ்சூர் வருகிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணற்படுகை. நிலத்தடி நீர் வளம் மிக்க இந்தப் பகுதியை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு 1966 முதல் 1969 வரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நகரத்துக்கும் ஆலைகளுக்குமாகக் கிணறுகள் அமைந்தன. விவசாயிகளும் இறைத்தார்கள், ஆலைகளும் இறைத்தன. கடல் நீர் உள்ளே புகுந்தது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 1987ல் சட்டம் வந்தது. அதற்குள் பல கிணறுகள் உப்பாகிவிட்டன.

பிறகு என்ன நடந்தது? 2010ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளுக்கு 10 கோடி லிட்டர். கம்பெனிக்கு 25 ஆண்டு ஒப்பந்தம். ஆயிரம் லிட்டருக்கு ஆரம்ப விலை ரூ.48.66. உப்பை எடுத்துத் தண்ணீர் தருகிறவருக்கு லிட்டர் கணக்கில் விலை நிச்சயமாயிற்று. உப்பு ஏறாமல் இருக்கத் தன் மோட்டாரை நிறுத்திவைத்த ஒரு விவசாயிக்கு எந்த ஒப்பந்தத்திலும் பைசா கிடையாது. சென்னைக் குடிநீர் வாரியம் விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கியபோதும், இறைத்துக் கொடுத்ததற்குத்தான் பணம்; இறைக்காமல் விட்டதற்கு அல்ல.

ஆகவே பொன்னேரி, சோழவரம் வட்டாரத்தில் பம்பு செட் திட்டம் வருமானால், யூனிட்டை மட்டும் அளந்து கம்பெனிக்குப் பங்கு கொடுப்பது சரியாகாது. கிணற்றின் நீர்மட்டமும் தண்ணீரின் உப்பு அளவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அதனால் கூடும் ‘சேமிப்பு’க்குப் பங்கு கிடையாது என்று எழுத வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கம்பெனியின் பங்கு குறையாமலும் பார்த்துக்கொள்ளலாம். அதாவது வறட்சியால் யாருக்கும் நஷ்டம் வராமலும், வறட்சியில் யாரும் லாபம் பார்க்காமலும் எழுதுவது. இது முடியாத காரியமல்ல. எழுதுகிறவர்கள் கிணற்றடிக்கு வந்து பார்த்தால் போதும்.

விவசாயியும் கையெழுத்துப் போட வேண்டும்

இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மின்சார வாரியத்துக்கும் கம்பெனிக்கும் இடையில் போடப்படுகின்றன. மோட்டார் நிற்பது விவசாயியின் கிணற்றில், இறைப்பது அவர் தண்ணீர், காய்வது அவர் பயிர். ஒப்பந்தத்தில் மட்டும் அவர் இல்லை. பழைய மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இல்லாவிட்டால் இரண்டும் ஓடும் என்ற அவர்களது சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் புதிய மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தில் கருகினால் வாரியத்தின் குற்றம் என்று கம்பெனியும், மோட்டாரின் குற்றம் என்று வாரியமும் சொல்லிக்கொண்டிருக்க, பழைய மோட்டாரும் கையில் இல்லாத விவசாயி என்ன செய்வார்? இத்தனை நாளுக்குள் பழுது பார்க்க வேண்டும், தவறினால் அந்த நாட்களுக்குத் தண்டம் விவசாயிக்குச் சேர வேண்டும் என்ற ஒரு வரியை எழுத வைக்காமல் பழைய மோட்டாரைக் கொடுக்கக் கூடாது.

பஞ்சாப் அரசு 2018ல் வேறு வழியை முயன்றது. தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி என்று பெயர். அங்கும் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். விரும்பிச் சேர்ந்த விவசாயியின் கிணற்றில் மீட்டர் வைத்து, மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கினார்கள். மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. கூடுதலாக எடுத்தால் பில் கிடையாது. சிறிய அளவில் தொடங்கிய திட்டம்தான். இருந்தாலும், வாரம் பெறுகிறவர் விவசாயியாகவே இருந்தால் மீட்டர் மேல் உள்ள பயம் எப்படிக் குறையும் என்பதற்கு அது ஓர் உதாரணம். பாத்தியில் தண்ணீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த அவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கம்பெனி வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. முதலும் பழுது பார்க்கும் ஆளும் அதனிடம்தான் இருக்கின்றன. சேமிப்பின் பங்கில் ஒரு பகுதியாவது விவசாயிக்கு வர வேண்டும். அது வராத ஒப்பந்தத்தில் அவர் தண்ணீரைச் சேமிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண்.

தாங்களே அளந்து வைத்துக்கொள்வது

திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன் கிணற்றுக் கணக்கை ஒவ்வொரு விவசாயியும் இப்போதே எழுதிவைக்கலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். குழாய் வாயில் வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 33 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 6 லிட்டர். 50 விநாடி ஆனால் 4 லிட்டர்தான். கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அடிக்கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் போடுவதற்கு முன் ஒரு தடவையும், இரண்டு மணி நேரம் ஓடிய பின் ஒரு தடவையும் அளப்பது நல்லது. கடலோர கிராமங்களில் ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு இரண்டு தடவை போதும்: வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் ஒன்று, சொர்ணவாரிக்குத் தண்ணீர் இறைக்கும் சித்திரையில் ஒன்று. எழுதிய தாளில் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, பட்டாவோடு சேர்த்து வைக்க வேண்டும். கம்பெனி ஆள் சோதனைக் கருவியோடு வருகிற அன்று, தன் அளவைச் சொல்வதற்கு முன் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைக்கலாம்.